வயிற்றில் புளி கரைவது ஏன்?

திடீரென்று பயம் வந்தால் ‘வயிற்றில் புளியைக் கரைத்தது போல இருந்தது’ என்கிறோம். பெரிய கவலை ஒன்று தீர்ந்தால் ‘வயிற்றில் பாலை வார்த்தாய்’ என்கிறோம். பிறர் நன்றாக இருப்பதைப் பொறுக்காதவரை ‘வயிற்றெரிச்சல் பிடித்தவர்’ என்கிறோம். பிள்ளைக்கு ஒரு துன்பம் என்றால் தாய்க்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. பயம், நிம்மதி, பொறாமை, துக்கம் இவையெல்லாம் மனத்தில் எழுபவை. அவற்றைச் சொல்ல நம் மொழி வயிற்றை ஏன் தேடிப் போகிறது?

இது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பரீட்சை நாள் காலையில் நன்றாகப் படித்த மாணவனுக்குக்கூட வயிறு பிசைகிறது. இரண்டு மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வருகிறான். ‘பள்ளிக்கூடம் போகாமலிருக்க இது ஒரு சாக்கு’ என்று வீட்டில் சொல்லக்கூடும். சாக்கா உண்மையா என்பது வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அல்லவா தெரியும்? அப்படி எட்டிப் பார்க்கும் வாய்ப்பு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவருக்குக் கிடைத்தது.

மூடாத துளை

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி. அமெரிக்க நாட்டின் வட எல்லையில், பேரேரிகளுக்கு நடுவே மேக்கினாக் என்றொரு தீவு இருக்கிறது. விலங்குத் தோல் வணிகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கடையில் அன்று கூட்டம். ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு, பக்கத்தில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகுக்காரரின் இடது விலாவின் கீழ்ப் பகுதியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. காலையில் அவர் சாப்பிட்ட உணவு காயத்தின் வழியே வெளியே வந்தது.

அங்கிருந்த இராணுவக் கோட்டையின் மருத்துவர் வில்லியம் போமான்ட் ஓடி வந்தார். இந்த இளைஞர் பிழைக்க மாட்டார் என்றுதான் அவர் எண்ணினார். ஆனால் செயின்ட் மார்ட்டின் பிழைத்தார். காயமும் ஆறிற்று. ஆறிய விதம்தான் விந்தையானது. இரைப்பையில் விழுந்த ஓட்டையின் விளிம்பு, மேல் தோலின் விளிம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே விலாவில் ஒரு துளை நிலையாகத் தங்கிவிட்டது. நாளடைவில் இரைப்பையின் உட்சவ்வு ஒரு மடிப்பாக வளர்ந்து அத்துளையை உள்ளிருந்து மறைத்தது. விரலால் அதைச் சற்றே தள்ளினால் போதும். உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் நேராகப் பார்க்கலாம்!

போமான்ட் இந்த வாய்ப்பை விடவில்லை. 1825ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ரொட்டித் துண்டு, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். கோசும் ரொட்டியும் ஏறத்தாழப் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. மீண்டும் உள்ளே இறக்கினார். இப்படிப் பல ஆண்டுகள் செய்த சோதனைகளை 1833இல் ஒரு நூலாக வெளியிட்டார். உணவு சீரணமாவது ஓர் இரசாயன மாற்றம் என்பதை நிலைநாட்டிய நூல் அது.

நமக்கு வேண்டிய செய்தி அந்த நூலில் வேறோர் இடத்தில் இருக்கிறது. செயின்ட் மார்ட்டின் அமைதியாக இருக்கும் நாட்களில் இரைப்பையின் உட்புறம் இளஞ்சிவப்பாக, மெத்தென்று காணப்பட்டது. அவர் கோபம் கொண்ட நாட்களில் அதன் தோற்றமே மாறியது. சில வேளை சிவந்து உலர்ந்தது. சில வேளை வெளுத்தது. சீரணமும் குலைந்தது.

அவருக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டினி போட்டு, நூலில் கட்டிய இறைச்சியை வயிற்றில் தொங்கவிட்டு, மணிக்கணக்கில் படுக்க வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? 1825இலேயே அவர் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். 1829இல்தான் திரும்பி வந்தார். அவர் 1880 வரை வாழ்ந்தார். இறந்த பின் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்துவிடாதபடி அவருடைய குடும்பத்தார் காத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். விஞ்ஞான வரலாற்றில் போமான்டின் பெயர் பெரிதாக இருக்கிறது. ஆனால் வயிற்றைக் கொடுத்தவர் செயின்ட் மார்ட்டின்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் நகரில் இதே போன்ற இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. டாம் என்று மட்டும் நூல்களில் குறிக்கப்படும் ஒருவர், சிறுவனாக இருந்தபோது கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக் குழாய் வெந்து அடைத்துப் போனவர். வயிற்றில் அறுவைச் சிகிச்சையால் இட்ட துளை வழியேதான் அவர் உணவை உள்ளே செலுத்திக்கொள்வார். 1940களில் ஸ்டூவர்ட் உல்ஃப், ஹரால்டு உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் அவரைத் தங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்த்திக்கொண்டு, நாள்தோறும் அவருடைய இரைப்பையைக் கவனித்து வந்தார்கள்.

ஒரு நாள் துளையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறொரு மருத்துவர் கோபத்தோடு அறைக்குள் நுழைந்தார். காணாமற்போன ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தேடி இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார். முதல் நாள் அறையை ஒழுங்குபடுத்தியவர் டாம். அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்டவரும் அவரே. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாயே திறக்கவில்லை. முகம் வெளிறியது. அதே நேரத்தில் இரைப்பையின் உட்சவ்வும் வெளிறியது! தேடியது கிடைத்து அந்த மருத்துவர் வெளியேறிய பிறகே பழைய நிறம் திரும்பியது. வேறொரு சமயம் தம்மை யாரோ குறை சொன்னதால் டாம் உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய இரைப்பை சிவந்து வீங்கி அமிலம் மிகுதியாகச் சுரந்தது.

ஆகவே பரீட்சை நாள் வயிற்றுவலி சாக்கு அல்ல. பயத்தின்போது மூளை அனுப்பும் கட்டளையால் இரைப்பைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. இரைப்பையின் வேலை மந்தமாகிறது. பெருங்குடலின் அசைவோ மிகுதியாகிறது. கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வயிற்றில் எது நடந்தாலும் ‘எல்லாம் மனக்கவலைதான்’ என்று சொல்லிவிடக் கூடாது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, பெரும்பாலான புண்களுக்கு அதுவே மூல காரணம் என்று காட்டினார்கள். யாரும் எளிதில் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் எத்தனையோ நோயாளிகள் ‘கவலைப்படாதீர்கள்’ என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்.

கீழிருந்து மேலே

இதுவரை சொன்னது, மனத்தில் எழுவது வயிற்றைத் தொடுகிறது என்பது. இனித்தான் சுவையான பகுதி வருகிறது. வயிற்றில் நடப்பது மனத்தைத் தொடுமா?

இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1899இல் நாயின் குடலை ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். மின்கம்பியை அறுத்தால் விசிறி நின்றுவிடும் அல்லவா? குடல் நிற்கவில்லை. உள்ளே ஒரு கவளத்தை வைத்தால், அதற்கு மேல்புறம் சுருங்கியும் கீழ்ப்புறம் தளர்ந்தும் கவளத்தை முன்னே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. 1917இல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானியர் கினிப்பன்றியின் குடல் துண்டை உடலிலிருந்தே வெட்டி எடுத்து உப்புநீரில் வைத்துப் பார்த்தார். அப்போதும் அது தள்ளியது.

காரணம், குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. உணவுக் குழாய் தொடங்கிக் கடைசி வரை பரவியுள்ள அந்த வலையில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. உணவு எவ்வளவு வந்திருக்கிறது, எந்தத் தசையைச் சுருக்குவது, எவ்வளவு நீரைச் சுரப்பது என்பவற்றை மூளையைக் கேளாமலே அது தீர்மானிக்கிறது. மைக்கேல் கெர்ஷன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1998இல் எழுதிய நூலுக்கு ‘இரண்டாம் மூளை’ என்றே பெயரிட்டார். பெயர் கவர்ச்சியானதுதான். ஆனாலும் குடலுக்கு அல்ஜீப்ரா தெரியாது; கவலைப்படவும் தெரியாது. கவலைப்படுவது தலைக்குள் இருக்கும் மூளைதான். குடல் அதற்குச் செய்தி அனுப்புகிறது.

அந்தச் செய்தி போகும் பெருவழிகளில் ஒன்று வேகஸ் நரம்பு. இலத்தீன் மொழியில் ‘அலைந்து திரிவது’ என்று பொருள். மூளையின் அடித்தண்டில் தொடங்கி, கழுத்தின் இருபுறமும் இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலைந்து திரிவதால் இப்பெயர். மூளை தன் கட்டளைகளைக் கீழே அனுப்பும் கம்பி என்றே இதை நினைக்கத் தோன்றும். அதன் இழைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு வியப்புக் காத்திருந்தது. ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டு போபவை! மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட, வயிறு மூளைக்குச் சொல்வதே மிகுதி.

இவற்றில் பெரும்பாலான செய்திகள் நம் உணர்வுக்கு எட்டுவதில்லை. எட்டினால் நாள் முழுவதும் குடலின் கதையையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மனநிலையை ஆளும் மூளைப் பகுதிகளுக்கு அவை போய்ச் சேர்கின்றன. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைச் சிறு மின் துடிப்புகளால் தூண்டும் கருவியை, மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோய்க்குப் பயன்படுத்த 2005இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. மேலே போகும் செய்திக்கு மனத்தை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

செரோட்டோனின் என்ற பொருளைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். ‘மகிழ்ச்சி தரும் இரசாயனம்’ என்று அதைப் பலர் அழைக்கிறார்கள். இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் அதை முதலில் கண்டெடுத்தது குடலில்தான். 1948இல் அமெரிக்காவில் வேறு சிலர் இரத்தத்தில் அதைக் கண்டு செரோட்டோனின் என்று பெயரிட்டார்கள். 1953இல்தான் பெட்டி ட்வாரோக் என்ற இளம் பெண் விஞ்ஞானி அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். நம் உடலிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது.

‘அப்படியானால் மகிழ்ச்சி குடலிலிருந்துதான் வருகிறது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்று பலர் செய்யும் பிழை இது. மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு காவல் உண்டு. குடலில் உண்டாகும் செரோட்டோனினை அது உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரோட்டோனின் வேறு வகையில் உதவுகிறது. குடற்சுவரிலுள்ள சில சிறப்பு அணுக்கள் உணவையும் நஞ்சையும் சுவைத்துப் பார்த்து, செரோட்டோனினைச் சுரந்து, அருகிலுள்ள வேகஸ் நரம்பின் நுனியைத் தூண்டுகின்றன. கெட்டுப்போன உணவைத் தின்றால் குமட்டல் வருவதில் இந்த வழிக்குப் பெரும் பங்கு உண்டு. வாந்தியை நிறுத்த மருத்துவர் தரும் ஆன்டான்செட்ரான் மாத்திரை, செரோட்டோனினின் இந்தச் செய்தியைத்தான் தடுக்கிறது.

குடிவந்தவர்களின் பங்கு

நம் குடலில் நம்மைத் தவிர வேறு பலரும் குடியிருக்கிறார்கள். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். நம் சொந்த அணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. எல்லாவற்றையும் திரட்டினால் எடை 200 கிராம் அளவே வரும்.

இவற்றுக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு? ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோவும் அவருடைய தோழர்களும் செய்த சோதனை 2004இல் வெளிவந்தது. பிறந்தது முதல் ஒரு பாக்டீரியாகூட அண்டாத கூண்டில் சுண்டெலிகளை வளர்த்தார்கள். காற்று, நீர், உணவு எல்லாம் கிருமி நீக்கியவை. பிறகு ஒவ்வோர் எலியையும் ஒரு குறுகலான குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். எந்த எலிக்கும் இது கலக்கமூட்டும் அனுபவம். அட்ரீனல் சுரப்பி கலக்க நேர ஹார்மோனைச் சுரக்கும். கிருமியற்ற எலிகளில் அந்த ஹார்மோன் சாதாரண எலிகளைவிட மிக அதிகமாகச் சுரந்தது. ஒரே துன்பத்துக்கு இவை கூடுதலாகக் கலங்கின.

பிஃபிடோபாக்டீரியம் என்ற ஒருவகை பாக்டீரியாவை மட்டும் அவற்றின் குடலில் குடியேற்றினால், வளர்ந்த பின் அவற்றின் கலக்கம் சாதாரண அளவுக்கு இறங்கியது. சாதாரண எலிகளின் சாணத்திலிருந்த பாக்டீரியாக்களைக் குடியேற்றியபோது, இளம் பருவத்தில் செய்தால் ஓரளவு பலன் கிடைத்தது. வயது கடந்து செய்தால் பலனில்லை. மூளையின் கலக்க அளவைத் தீர்மானிக்க ஒரு பருவம் இருக்கிறது. அப்பருவத்தில் குடலில் யார் இருந்தார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது.

2011இல் அயர்லாந்தின் கார்க் நகர விஞ்ஞானிகளும் கனடா நாட்டவரும் சேர்ந்து இன்னொரு படி மேலே போனார்கள். ஒருவகை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்கு 28 நாட்கள் ஊட்டினார்கள். அந்த எலிகளைத் தண்ணீரில் விட்டபோது, மற்றவற்றைப் போல விரைவில் நம்பிக்கை இழந்து மிதக்காமல் கூடுதல் நேரம் நீந்தின. கலக்க ஹார்மோனும் குறைவாகவே சுரந்தது. அடுத்து, வேறு சில எலிகளின் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டு அதே பாக்டீரியாவை ஊட்டினார்கள். எந்த மாற்றமும் ஏற்படவில்லை. சோதனையின் அழகு இதில்தான் இருக்கிறது. பாக்டீரியா குடலில் இருக்கிறது, ஆனால் கம்பி அறுந்துவிட்டது, செய்தி போகவில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்கு அந்தப் பாக்டீரியாவை வாங்கிச் சாப்பிடலாமே என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. நல்ல உடல்நலமுள்ள 29 ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மனக்கலக்கம், ஹார்மோன், நினைவாற்றல் எதிலும் வெற்று மாத்திரையைவிட அது சிறந்ததாக இல்லை. சுண்டெலி வேறு, மனிதர் வேறு. ‘மனத்தை மலர வைக்கும் பாக்டீரியா’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்த 29 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் பேரை 12 ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தார்கள். தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து மனக்கலக்கம் மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் வயிற்றுக் கோளாறு வருவது அதிகமாக இருந்தது. மனம் நன்றாக இருந்து, வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல் போன்றவற்றால் அவதிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் மனக்கலக்கமும் சோர்வும் வருவது அதிகமாக இருந்தது. பாதை இருவழிப் பாதை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதே நாட்டில் 2017இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்கு 12 வாரங்கள் உணவு முறையை மாற்ற உதவினார்கள். காய்கறி, பழம், பருப்பு, முழுத் தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு. மறு பாதியினருடன் அதே அளவு நேரம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உணவு மாறியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோய் தணிந்தனர். மற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரே. சிறிய ஆய்வுதான். தங்களுக்கு எந்த உணவு என்பதை அவர்களிடமிருந்து மறைக்கவும் வழியில்லை. ஆகவே இதை ஒரு நல்ல தொடக்கம் என்று மட்டும் கொள்ளலாம்.

உணவில் பாக்டீரியாவுக்குப் பிடித்தது எது தெரியுமா? நம்மால் சீரணிக்க முடியாத நார்ப்பொருள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பயறு, கேழ்வரகு ஆகியவற்றின் நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரிக் அமிலம் குடற்சுவர் அணுக்களுக்கே உணவாகிறது. தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உண்டு. இட்லி மாவிலும் உண்டு. ஆனால் ஆவியில் வெந்ததும் அவை இறந்துவிடுகின்றன. இட்லி நல்ல உணவு என்பது வேறு விஷயம்!

இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் இவை இருந்தால் ‘பரீட்சைப் பயம்’ என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுபோலவே, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் செல்லாமல் துயரமாகவே இருந்தால், தயிர் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று காத்திராமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவ உதவி பெற வேண்டும்.

வேகஸ் நரம்பு வேலை செய்வதை உங்கள் கையிலேயே பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அமைதியாக உட்கார்ந்து ஒரு கை மணிக்கட்டில் மறு கையின் இரு விரல்களை வைத்து நாடியைக் கண்டுபிடியுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது சற்றுத் தணிவதையும் உணர்வீர்கள். உங்கள் வயதில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். மூச்சு வெளியேறும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுவது வேகஸ் நரம்புதான். வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடம் இதற்குப் போதும்.